மரகதம் அம்மாளின் பூனைக்கூடை

செய்தி வந்தபோது என் கையில் ஒரு பூனைக்குட்டி இருந்தது. இன்னும் கண் திறக்காத குட்டி. கண்ணுக்கு மருந்து விடும் சொட்டுக் குழாயால் அதற்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தேன். அடிவாரத்திலிருந்து தபால் பையைச் சுமந்து ஏறி வந்தவர், ஆஸ்பத்திரி வாசலில் அதை இறக்கிவைத்துவிட்டு, "ஏனுங்க கம்பவுண்டர், நம்ம மருத்துவச்சியம்மா நேத்துப் பொழுதோட போயிட்டாங்களாமுங்க" என்றார். நான் "சரி" என்றேன். குழாயில் மிச்சமிருந்த பாலையும் புகட்டி முடித்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

மரகதம் அம்மாளை இந்த மலையில் வாழவந்தி நாட்டிலும் தேவனூர் நாட்டிலும் அறியாதவர்கள் இல்லை. இதைப் படிக்கும் உங்களில் பலர் வீட்டுப் பிள்ளைகளை முதலில் கையில் வாங்கியவர் அவர்தான். நாமக்கல் பக்கத்துக்காரர். இளவயதில் கணவரை இழந்து, பிரசவம் பார்க்கப் படித்து, மற்றவர்கள் வர மறுத்த இந்தக் காய்ச்சல் மலைக்கு வந்தவர். கடைசியில் அதே காய்ச்சல் அவரையும் பிடித்தது. டோலியில் வைத்துக் கீழே தூக்கிக்கொண்டு போகும்போது ஒரு கூடையை என்னிடம் கொடுக்கச் சொன்னார். "ரெண்டு நாளைக்குப் பாத்துக்குங்க. வந்து வாங்கிக்கறேன்" என்றார். உள்ளே மூன்று குட்டிகள். அவர் வரவில்லை. கூடை என்னிடமே இருக்கிறது.

சாமையும் கேழ்வரகும் சேர்த்துவைக்கும் வீடுகளில் எலிக்குப் பயந்து எல்லோரும் பூனை வளர்ப்பார்கள். தாய்ப்பூனையை நாயோ காட்டுப்பூனையோ கடித்துப்போட்டுவிட்டால், கண் திறக்காத குட்டிகளை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. முதல் தடவை அப்படி ஒரு கூடை வந்தபோது நான் கத்தினேன். பிரசவம், காய்ச்சல், அதற்குக் கொய்னா மாத்திரை என்று நாங்கள் இருவருமே ஓடிக்கொண்டிருந்த காலம். "இது ஆஸ்பத்திரியா, பூனைக் கொட்டிலா?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அந்தச் சொட்டுக் குழாய எடுத்துக் குடுத்துட்டுத் திட்டுங்க" என்றார்.

பால் புகட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். இல்லையாம். தாய் நக்கிக் கொடுக்காவிட்டால் குட்டி சிறுநீர்கூடக் கழிக்காது. வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றின் அடிவயிற்றையும் துடைத்துவிட வேண்டும். அந்த வேலையை அம்மாள் என் தலையில் கட்டினார். கட்டுப் போடவும் கலவை மருந்து கலக்கவும் படித்தவன் பூனைக்குட்டிக்குப் பஞ்சு ஒற்றிக்கொண்டிருந்தேன். நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த வட்டாரத்தில் கறவை மாடு இருந்தது நல்லம்மாள் வீட்டில் மட்டும்தான். அவள் கணவர் பெரியசாமி நல்ல மனிதர். ஒரு மழைக்காலத்தில், அம்மாள் பிரசவத்துக்குப் போயிருந்தபோது குட்டிகளை அவரிடம் விட்டிருந்தோம். கதகதப்பாக வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தோம். இங்கே கதகதப்பு என்றால் விதைக்கதிருக்குக் கொடுக்கும் கதகதப்புதான். அவர் குட்டிகளை விதைக்கூடையில் போட்டு, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டுவிட்டார். அம்மாள் திரும்பிவந்து இறக்கியபோது எல்லாம் தும்மிக்கொண்டிருந்தன. நான் வாய் திறப்பதற்குள் அம்மாள் சொன்னார்: "விதைக்கு இதுதானுங்க சரி. இதுகளுக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்குதுங்களே சாமி." பெரியசாமி சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பெரிய சிக்கல் அந்திப் பால். மாடு மேய்ச்சலிலிருந்து திரும்பிக் கறந்து முடிப்பதற்கும் விளக்கு வைப்பதற்கும் சரியாக இருக்கும். விளக்கு வைத்த பிறகு பால் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. "விளக்கு வெச்சாச்சுங்கம்மா. கோவிச்சுக்காதீங்க" என்று நல்லம்மாள் தயங்கியபடி கதவருகே நின்றாள். காலையில் காய்ச்சிய பால் அந்திவரை தாங்காது. கொடுத்தால் குட்டிகளுக்கு வயிறு ஊதிவிடும். நான் நல்லம்மாளிடம் வாதாடக் கிளம்பினேன். அம்மாள் என்னைத் தடுத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். பால் வாசலைத் தாண்டவில்லை, குட்டிகள் தாண்டின. அன்றிலிருந்து அந்தி தவறாமல் அங்கேதான். "அவங்க ஊட்டு வழக்கம் அவங்களுக்கு, இதுங்க பசி இதுங்களுக்கு. ரெண்டுக்கும் எதுக்குங்க சண்டை மூட்டி விடறீங்க?" என்று என்னைக் கேட்டார்.

அவரைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. எத்தனையோ குட்டிகள் செத்தன. பலா மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து அன்று முழுக்க எல்லோரிடமும் எரிந்து விழுவார். ஒருநாள் தேவனூர் நாட்டில் ஒரு பிரசவம் கெட்டுப்போய், தாய் பிழைக்காமல், அட்டை கடித்த காலோடு நடந்து திரும்பினார். படுங்கள், குட்டிகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கேட்கவில்லை. "எனக்கு அலுப்பா இருக்குதுன்னா அதுங்களுக்குப் பசிக்காதுங்களா?" என்றார். புகட்டிக்கொண்டிருக்கும்போதே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். குழாயை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

அவர் கீழே போன பிறகு நான் அந்தியில் நல்லம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த வீட்டுப் பெண்கள் சமைக்கும் இடத்தில் ஒரு ஆண் போய் உட்காருவது எப்படி? காலைப் பாலையே திரும்பத் திரும்பக் காய்ச்சி ஒப்பேற்றினேன். செய்தி வந்த அன்று மூன்றில் சிறியதற்கு வயிறு கல்லாகிவிட்டது. குழாயை வாயில் வைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டது. அவர் வந்து கேட்டால் என்ன சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது. கேட்க அவர் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அப்போது அழுதேன்.

கூச்சத்தை விட்டுவிட்டுக் கூடையோடு கிளம்பினேன். எல்லா வீடுகளிலும் விளக்கு எரிந்தது. நல்லம்மாள் வீடு மட்டும் இருட்டாக இருந்தது. ஆள் இல்லையோ என்று திரும்பிப் போகப் பார்த்தேன். இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"நில்லுங்க. சேதி கேட்டேனுங்க. அம்மா மாதிரி நீங்க உள்ளே வந்து உக்கார மாட்டீங்கன்னு தெரியும். அதான் இன்னும் விளக்கு வைக்கலீங்க."

கறந்த சூட்டோடு பாலைக் கொட்டாங்குச்சியில் கொண்டுவந்து வாசலுக்கு வெளியே என் கையில் கொடுத்தாள். நான் வளைவு திரும்பும்வரை காத்திருந்துவிட்டுத்தான் விளக்கை ஏற்றினாள்.

சிறிய குட்டி அன்று நாலைந்து சொட்டுக் குடித்தது. பிழைக்குமா என்று இன்னும் சொல்ல முடியவில்லை. நேற்று ஒரு கண் லேசாகத் திறந்திருந்தது. மரகதம் அம்மாளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியவை இந்தக் கூடை, ஒரு சொட்டுக் குழாய், அலுப்பைச் சாக்காகச் சொல்லக் கூசும் ஒரு மனசு. அவரைப் பற்றி இன்னும் எழுத வேண்டும். ஆனால் பொழுது சாய்கிறது, மாடு திரும்பியிருக்கும். நான் போகும்வரை அந்த வீட்டில் விளக்கு வைக்க மாட்டார்கள்.