ஒரு கிலோ நானூறு கிராம்

என் அத்தானுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, விமானத் திடலில் ‘கிராம் சார்’ என்று பெயர். தொழில் தராசு பழுதுபார்ப்பது. ஊரில் உள்ள கடைத் தராசுகளில் பாதிக்கு மேல் அவர் கைபட்டவைதான். எந்தப் பொருளானாலும் முதலில் கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. அப்படிப்பட்ட மனுஷன், ஒரு கிலோ நானூறு கிராம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஐந்து மாதம் முழி பிதுங்கி நின்றார் என்றால் யார் நம்புவார்கள்? ஒரே வீட்டில் இருக்கிற நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்தக் கோப்பு முழுவதையும் தட்டச்சு செய்த மகராசி நான்தான்.

அவரிடம் ஒரு மோட்டார் கிளைடர் இருக்கிறது. இரண்டு பேர் அக்கம்பக்கமாக உட்காரலாம். சின்ன எஞ்சினை ஓட்டி மேலே ஏறிவிட்டு, பிறகு அதை அணைத்துவிட்டுக் காற்றிலேயே மிதக்கலாம். கல்யாணமான வருஷமே அதைப் பறக்கும் சங்கத்திலிருந்து பழையதாக வாங்கினார். புது மாப்பிள்ளை செய்கிற காரியமா இது என்று நான் குதித்தேன். அக்கா குதிக்கவில்லை, ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவள் நாலடி பத்து அங்குலம். உட்கார்ந்தால் எதிரே இருக்கிற டயல்கள்தான் தெரியும், வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த வாரமே பழைய போர்வைகளை மடித்துத் திணித்து, மெத்தை தைத்துப் போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம், ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு பேரும் மேலேதான். குழந்தை இல்லையே என்று யாராவது உச்சுக்கொட்டினால், “எங்களுக்குத் தரையில நிக்கவே நேரமில்லைங்க” என்பாள்.

போன வருஷம் இரண்டு இடி ஒன்றாக விழுந்தன. அக்கா வாசல் நிலையில் அடிக்கடி இடித்துக்கொள்கிறாளே என்று கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். “ஓரப் பார்வை போயிடுச்சு. நடுவுல இருக்கிறது ஒரு வருஷம் தாங்கும். அதுக்கு மேல சொல்ல முடியாது” என்றார். அதே மாதம் எஞ்சினில் விரிசல் கண்டது. அதைச் செய்த கம்பெனியையே இழுத்து மூடியாயிற்று. வேறு கம்பெனி எஞ்சினை வைக்கலாம், ஆனால் விமானத்துறை ஒப்புதல் வேண்டும். அது வரும்வரை சோதனைக்கு மட்டும் பறக்கலாம். விமானியைத் தவிர ஒரு ஆள் ஏறக் கூடாது.

அக்கா அழவில்லை. “கண்ணு போறதுக்குள்ள இன்னும் ஒரு தடவை மேலேருந்து நம்ம வீட்டப் பாத்துடணும். அது போதும் எனக்கு” என்றாள். அன்று ராத்திரி அத்தான் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் வீட்டுப் படிகளின் விளிம்பில் எல்லாம் வெள்ளைப் பட்டை ஒட்டிவிட்டு, விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தார்.

வரைபடம், எஞ்சினைத் தாங்கும் சட்டத்தின் பலக் கணக்கு, சோதனைப் பறத்தல் குறிப்புகள் என்று கோப்பு தலையணை கனத்துக்கு வந்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட அதிகாரியம்மா ஒன்றே ஒன்றில் பிடித்துக்கொண்டார். பழைய பதிவேட்டில் உள்ள எடையில் பழைய எஞ்சினைக் கழித்துப் புது எஞ்சினைக் கூட்டினால் ஒரு கணக்கு வருகிறது. தராசில் எடை போட்டால் ஒரு கிலோ நானூறு கிராம் கூட வருகிறது. “விளக்கம் தேவை” என்று கடிதம் வந்தது.

அத்தான் மறுபடி எடை போட்டார். எரிபொருளை வடித்தார், கருவிப் பெட்டியை இறக்கினார், வரைபடப் புத்தகத்தை எடுத்தார், தூரிகையால் தரையைப் பெருக்கித் தூசியைக்கூட அள்ளினார். விமானத்துக்கு மொட்டை போடாத குறை. அதே ஒரு கிலோ நானூறு. மூன்றாவது தடவையும் அதே. தராசில்தான் கோளாறோ என்று அதைப் பிரித்து மாட்டினார். சொந்தத் தராசைச் சந்தேகப்பட்ட அன்று அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கே போன் போட்டேன். “ஒன்றரைக் கிலோகூட இல்ல மேடம். இதுக்குப் போய் அஞ்சு மாசமா இழுத்தடிக்கிறீங்களே!”

“எங்க இருக்குன்னு தெரியாத எடைக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்? வால்ல இருந்தா பேலன்ஸ் போயி உங்க வீட்டுக்காரர்தான் விழுவார்.”

“அவர் என் வீட்டுக்காரர் இல்ல, அத்தான்!”

“யாரா இருந்தாலும் விழுவார்மா” என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, “நானே நேர்ல வந்து பாக்கிறேன்” என்றார்.

வந்தார். பார்த்தால் அக்கா உயரம்கூட இல்லை! விமானத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்துவிட்டு, வலது இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார்.

“இந்த மாதிரி விமானத்துல உக்காந்தா எனக்கு எப்பவும் வெளிய ஒண்ணும் தெரியாது. இதுல மட்டும் எல்லாம் தெரியுதே?” என்றவர், இடுப்புக்குக் கீழே தடவினார். “இந்த மெத்தை பட்டியல்ல இருக்கா?”

அத்தான் முகத்தில் ஈ ஆடவில்லை. “அது மெத்தை இல்லைங்க மேடம்,” என்றார் மெதுவாக, “அது அவ இடம்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தூசியை அள்ளிப் போட்ட மனுஷன், மூன்று தடவையும் அந்த மெத்தையை எடுக்கவில்லை. சக்கரத்தை யாராவது கழற்றிவிட்டு நிறுப்பார்களா? அவருக்கு அது அப்படி. பழைய எடை பறக்கும் சங்கத்தில் எடுத்தது, அப்போது கல்யாணமே ஆகவில்லை, மெத்தையும் இல்லை. இறக்கித் தராசில் வைத்தோம். ஒரு கிலோ நானூறு, ஒரு கிராம் முன்னே பின்னே இல்லை.

“எடுத்துடறேன் மேடம், இப்பவே கணக்குச் சரியாயிடும்” என்று அத்தான் பதறினார்.

அதிகாரியம்மா வேலி ஓரம் நின்றுகொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். விண்ணப்பத்தோடு நான் வைத்திருந்த டாக்டர் கடிதத்தை அவர் படித்திருக்க வேண்டும். “எடுத்தா அவங்க எதப் பாப்பாங்க? நகராம இருக்கையோட கட்டி வைங்க. நான் பட்டியல்ல சேத்துக்கிறேன்.”

கட்டுவதற்கு வாரை நான் தைக்கிறேன் என்றேன். “உன் தையல் காத்துல பிச்சுக்கும், போடி” என்று அக்காவே தைத்தாள், விரலால் தடவித் தடவி. இரண்டு தடவை ஊசி குத்தியது. அத்தான் ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கொடுத்தார்.

மூன்று வாரத்தில் ஒப்புதல் வந்தது. பொருத்தப்பட்ட பொருள்கள் பட்டியலில் எஞ்சினுக்கும் ரேடியோவுக்கும் கீழே, ‘வலது இருக்கை மெத்தை, ஒன்று’ என்று முத்திரையோடு இருந்தது. அத்தான் அந்த வரியைச் சத்தமாக மூன்று தடவை படித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கிளம்பினார்கள். நான் வேலி ஓரம் நின்றேன். எஞ்சின் சத்தம் நின்றதும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என்ன தெரியப் போகிறது அவளுக்கு, குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் கொஞ்சம்தானே தெரிகிறது? ஒன்றும் தெரியவில்லை என்று இறங்கினால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

முக்கால் மணி நேரம் கழித்து இறங்கினார்கள். அத்தான் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள், நேரே என்னிடம் வந்து நின்றாள்.

“ஏண்டி, மஞ்சப் போர்வைய மாடியிலேயே விட்டுட்டா வந்தே? மழை வருதுடி! எத்தன தடவை சொல்றது உனக்கு?”

பிறந்ததிலிருந்து அவளிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதது அன்றுதான்.

போர்வை தொப்பலாக நனைந்தது. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கிளம்பியதும், துவைத்திருந்தாலும் துவைக்காவிட்டாலும் அதை மாடியில் விரித்துப் போடுகிறேன், மேலேயிருந்து பார்த்துவிட்டு வந்து அவள் திட்டட்டும் என்று. போன வாரம் இறங்கியதும் அக்கா திட்டவில்லை. “போர்வை போட்டிருக்கியா இன்னிக்கு?” என்று கேட்டாள்.

“போட்டிருக்கேன்க்கா” என்றேன்.