விறகுக் கொட்டகையும் எள்ளுருண்டையும்

என் மனைவி இறந்தபோது எங்கள் வீட்டில் மூன்று அலமாரி நிறையப் புத்தகம் இருந்தது. அறியாமையால் நடந்தது என்று யாராவது துக்கம் விசாரிக்க வந்தால் நான் அதைத் திருத்த வேண்டியிருக்கும்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ். பகலில் ரயில்வே ஆபீசில் கிராணி என்கிற குமாஸ்தா வேலை. மாலையில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்கு நையாண்டிக் கட்டுரைகள். பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்புகிறவர், பல்லி விழுந்த இடத்துக்குப் பலன் பார்க்கிறவர், யாரையும் விட்டதில்லை. மூடநம்பிக்கை என்றால் என் பேனா தானாக ஓடும். மூடி போட்டுச் சட்டைப் பையில் செருகியதும் அது சாதுவாகிவிடும்.

குவார்ட்டர்ஸ் என்பது ஒரே கூரைக்குக் கீழே எட்டு வீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை, ஓர் அடுப்படி. எட்டுக்கும் சேர்த்து ஒரு தண்ணீர்க் குழாய். மாதவிலக்கான பெண் எங்கே ஒதுங்குவாள் என்பதைப் படம் வரைந்த எஞ்சினியர் துரை யோசிக்கவில்லை. எங்கள் ஆட்கள் யோசித்தார்கள். வீட்டுக்குப் பின்னால் அடுப்பு விறகு போட ஒரு பலகைக் கொட்டகை இருந்தது. அதில் விறகைப் பாதிக்கு ஒதுக்கிவிட்டுப் பாய் போட்டால் ஒரு பெண் படுக்கலாம். காலை மடக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

யார் வீட்டில் தூரம் என்பது வரிசைக்கே தெரியும். அன்று குழாயடிக்குக் குடத்தோடு புருஷன் வருவான்.

"என்ன தம்பி, இன்னிக்கு உங்க சமையலா? உப்பு போட மறந்துறாதீங்க" என்பார் அடுத்த வீட்டு அக்கா. ரயில்வே பட்டறையில் எஞ்சின் பழுது பார்க்கும் பிட்டர் ஒருவரின் மனைவி. நல்ல மனசு, பெரிய குரல். குழாயடியில் அவர் வைத்ததுதான் சட்டம். ஒதுங்காத பெண் தொட்ட குழாயை மற்ற ஏழு வீட்டாரும் தொடமாட்டார்கள் என்பது அதில் முதல் பிரிவு. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. தண்ணீர் வேண்டியிருந்தது. ஆகையால் மாதம் மூன்று நாள் சோற்றுத் தட்டைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு ஒரு கஜம் பின்னால் நகர்ந்து நிற்பேன். நம்பிக்கையில்லாமல் நகர்ந்தாலும் ஒரு கஜம் ஒரு கஜம்தான்.

கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தை இல்லை. இதற்கும் நான் புத்தகம் வைத்திருந்தேன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய கனத்த ஆங்கில வைத்திய நூல். பெண் கருத்தரிக்க ஏற்ற நாள் விலக்கு முடிந்த உடனே என்றது. நாங்கள் அதன்படியே நடந்தோம். மாத நடுவில்தான் அந்த நாள் வருகிறதென்று இப்போது பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். ரயில்வேக்காரன் ஆறு வருடம் தவறான பிளாட்பாரத்தில் நின்றிருக்கிறேன்.

அந்த வருடம் அவளுக்கு இரண்டு மாதம் தள்ளிப்போனது. இருவரும் வாய்விட்டுப் பேசவில்லை. சொன்னால் கலைந்துவிடுமோ என்ற பயம். நான் கிள்ளானுக்கு ஆபீஸ் வேலையாகப் போனபோது ஒரு சின்னத் தொப்பியை விலை மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். பிறகு ஒரு காலையில் அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் போனாள். முகத்தைப் பார்த்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

மூன்று நாளில் நிற்கவில்லை. ஐந்தாம் நாளும் நிற்கவில்லை.

"பயப்படாதீங்க தம்பி" என்றார் அக்கா. "ரெண்டு மாசமா தங்கிப்போன கெட்ட ரத்தம். போறது போகட்டும். நிறுத்தினா தலைக்கு ஏறிரும், அப்புறம் சித்தம் கலங்கும். எள்ளும் கருப்பட்டியும் இடிச்சுக் குடுங்க, இன்னும் நல்லா இறங்கும்."

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். தடைப்பட்ட ரத்தம் மூளையைத் தாக்கும், தடையின்றி வெளியேறவிட வேண்டும் என்று அதிலும் இருந்தது. அக்காவும் சீமை டாக்டரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான். கிழக்கும் மேற்கும் ஒன்றையே சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பாசாருக்குப் போய் எள் வாங்கி, நானே இடித்து உருண்டை பிடித்தேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

"இது வேணாங்க, இன்னும் ஜாஸ்தியாப் போகுது" என்றாள் அவள் ஏழாம் நாள்.

"அப்படித்தான் போகணும். கெட்டது வெளியே போறது நல்லதுதானே" என்றேன். புத்தகத்தைக் கொண்டுவந்து, ஒரு கஜத் தூரத்தில் நின்று, அந்தப் பகுதியைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பின் தட்டு தினமும் காலியாகவே திரும்பியது, எனக்குத் திருப்தி. அந்த வாரக் கட்டுரையையும் முடித்தேன். பல்லி விழும் பலனைப் பற்றியது. மேசைக்கு எதிரே சன்னல். சன்னலுக்கு வெளியே கொட்டகை.

பன்னிரண்டாம் நாள் காலை, அவள் தண்ணீர் டம்ளரைத் தூக்கப் பார்த்தாள், கை எழவில்லை. உள்ளங்கை சுண்ணாம்பு மாதிரி இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது, குடையோடு ஓடிப்போய் ரிக்‌ஷா அழைத்துவந்து பின் சந்தில் நிறுத்தினேன்.

"எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"இப்படியேவா? நாலு பேர் உட்கார்ற வண்டிங்க. தலைக்கு ஊத்திக்கிட்டு வரேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன், ஒரு கஜம் தள்ளி. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து இரண்டு செம்பு ஊற்றினாள். மூன்றாவது செம்பு கையிலிருந்து உருண்டது, அவளும் சாய்ந்தாள்.

"தம்பி, தூக்குங்க!" என்று கத்தினார் அக்கா. சட்டத்தைப் போட்டவரே அதை மறந்துவிட்டார். நான்தான் மறக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, கையில் விரித்த குடையோடு. ரிக்‌ஷாக்காரச் சீனர் மலாயில் என்னைத் திட்டிக்கொண்டே வண்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தார். ஈரப் புடவையோடு அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு போனார். அவர் தோளில் ரத்தம் பட்டது. அவர் குனிந்து பார்க்கக்கூட இல்லை. நான் பின்னால் ஓடிக் குடை பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார லேடி டாக்டர். எத்தனை நாள் என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். தள்ளிப்போயிருந்ததா என்றார். இரண்டு மாதம் என்றேன். பிறகு அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னொருவருக்கு விளக்க எனக்குத் தமிழ் போதாது.

கெட்ட ரத்தம் என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார். கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது. விரலை அறுத்துக்கொண்டால் வருகிற அதே ரத்தம்தான். கருப்பை மாதாமாதம் பிள்ளைக்காக உள்ளே மெத்தை போட்டு வைக்கிறது. பிள்ளை தங்காவிட்டால் மெத்தையைக் கழற்றிவிடுகிறது. அதோடு போவது சில கரண்டி ரத்தம். தலைக்கு ஏற அதற்கு வழியே இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் போனால் அது சுத்தம் செய்வதல்ல, நோய். இவளுக்கு வந்தது மாதவிலக்கே அல்ல. கரு கலைந்து, ஒரு பகுதி உள்ளே தங்கிவிட்டது. ஐந்தாம் நாள் கொண்டுவந்திருந்தால் சின்ன வேலை.

ஐந்தாம் நாள் நான் பாசாரில் எள் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

உள்ளே இருந்ததை அவர்கள் எடுத்தார்கள். அதற்குள் கண்டிருந்த காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. வார்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே குழாயடி இல்லை. கண் திறந்தபோது, "நீங்க தொடலாமாங்க?" என்று கேட்டாள். தொடலாம் என்றேன். அவள் நம்பினாளா தெரியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் இறந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பல்லிக் கட்டுரை வெளிவந்தது. வயிறு குலுங்கச் சிரித்ததாகக் காஜாங்கிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார்.

காரியம் முடிந்த பிறகு அக்கா வாளியோடு வந்தார். "கொட்டகையைக் கழுவி விடணும் தம்பி" என்றார். கண் வீங்கியிருந்தது. நான் செய்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாயைச் சுருட்டிவிட்டு விறகை நகர்த்தியபோது, அடியில் எறும்புச் சாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதைப் பின்தொடர்ந்து கடைசிக் கட்டையைத் தூக்கினேன். வாழையிலைத் துண்டில் வரிசையாக எள்ளுருண்டைகள். எண்ணினேன், எட்டு. எட்டாம் நாளிலிருந்து அவள் சாப்பிடவில்லை.

ஒரு புத்தகமும் படிக்காதவள் தன் உடம்பைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறாள். என்னிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் மறுபடியும் புத்தகத்தை எடுத்து வந்திருப்பேன் என்பது அவளுக்குத் தெரியும்.