ஆளில்லாத கதிரைகளின் படம்

பலெர்மோவில் மலையடிவாரத்து ஸ்டேடியத்தை மூன்று வருடம் கூட்டித் துடைத்தேன். ஆட்டம் நடந்த மறுநாள் காலையில் எங்கள் வேலை தொடங்கும். பூசணி விதைக் கோது, பியர்க் குவளை, துப்பல். இத்தாலியத் தேசிய அணி வந்து விளையாடினால் குப்பை இரண்டு மடங்கு.

அப்படியொரு காலையில்தான் படப்பிடிப்பாளர் வந்தார். ஸ்டேடியத்தின் வரலாற்றைக் கண்காட்சியாக வைக்கப்போகிறார்களாம். பழைய படங்களைக் கையில் வைத்திருந்தார். ஒன்றில், முதன்முதல் அதைக் கட்டியபோது கல் சுமந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். இன்னொன்றில், உலகக்கிண்ணத்துக்காக மேல்தட்டு எழுப்பிய மேசன்மார். இன்றைய ஸ்டேடியத்தின் படம்தான் பாக்கி.

எங்கள் மேற்பார்வையாளர் எல்லோரையும் கேற்றுக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னார். படத்தில் வாளியும் கூட்டுகிற தும்புத்தடியும் தெரியக்கூடாதாம். போனோம். நானும்தான் போனேன்.

ஒருத்தி மட்டும் போகவில்லை. முல்லைத்தீவுக்காரி, போர் முடிந்து மூன்றாம் வருடம் வந்தவள், பள்ளிக்கூட அணியில் கோல் காத்தவள். தான் துடைத்த வரிசையிலேயே ஒரு கதிரையில் இருந்துவிட்டாள். மேற்பார்வையாளர் கத்தினார். அவளுக்கு இத்தாலியன் அவ்வளவாக வராது. என்னைப் பார்த்து, "அக்கா, நான் எழும்பமாட்டன் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ," என்றாள்.

எனக்கு இத்தாலியன் நன்றாகவே வரும். வாய் திறக்கவில்லை. படப்பிடிப்பாளர் கமராவை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த ஆட்டத்துக்கு அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை.

கண்காட்சிக்குப் போனேன். கல் சுமந்தவர்களும் மேசன்மாரும் சுவரில் இருந்தார்கள். கடைசிப் படத்தில் ஆளில்லாத கதிரைகள் பளபளத்தன. எவ்வளவு சுத்தம் என்று பக்கத்தில் நின்ற சிஞோரா ஒருத்தி வியந்தாள். அது தானாகச் சுத்தமாகும் என்றா நினைத்தார்கள்?

மறுநாள் மேற்பார்வையாளரிடம் போய், அவளைத் திரும்ப எடுக்காவிட்டால் நானும் வரமாட்டேன் என்றேன். குரல் என்னை மீறி உயர்ந்தது. எனக்குப் பதிலாகவும் ஆள் கிடைக்கும் என்று தோளைக் குலுக்கினார். சீருடையை அவர் மேசையில் எறிந்துவிட்டு வந்தேன்.

நேராக அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, அக்கா."

ஓம் என்றேன். அவள் பகேரியாவில் ஒரு வீட்டில் வேலை எடுத்துக்கொண்டாள். நான் பொலிதேயாமா பக்கம் அலுவலகங்களைத் துடைக்கப் போனேன். அந்த மேற்பார்வையாளர்மேல் வந்த கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. கேற்றுக்குப் பின்னால் பேசாமல் நின்ற என்மேல் உள்ளது அதைவிடப் பெரிது.