ஏறத் தெரிந்த வண்டி

பத்து நாளாக எங்கள் வாசலில் பட்டி வாசனை. வண்டித் தகரத்தில் பள்ளம் விழுந்தால் பூசித் தேய்ப்பார்களே, அதுதான். மகள் ஒரு பழைய ஜீப்பை வாங்கி, பின்பாதியை அறுத்தெடுத்துவிட்டுப் பிக்கப்பாகக் கட்டிக்கொண்டிருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அதை ஓட்டிப் பார்க்க வெள்ளிமலைக்குப் போனாள். இறங்கும்போது பிரேக் சூடாகிப் பிடிக்கவில்லை. மலைப்பக்கமாக ஒடித்து, மண்மேட்டில் உரசி நிறுத்தியிருக்கிறாள். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றிலிருந்து தெருவில் எவன் பிரேக் போட்டாலும் நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.

பட்டி வாசனை எனக்குப் பசியைக் கிளப்பும் என்றால் நம்ப மாட்டீர்கள். கபூர் பாய் பட்டறையில்தான் அந்தப் பழக்கம் வந்தது. வடக்கனந்தலுக்குப் போகிற வழியில் இருந்தது பட்டறை. சாயங்காலமானால் பாய் வீட்டிலிருந்து சூடாகச் சமோசா வரும். பட்டி படிந்த கையோடேயே எல்லோரும் எடுப்பார்கள். அங்கேதான் என் அண்ணனும் பாயும் சேர்ந்து ஒரு பெட்ரோல் ஜீப்பைப் பிக்கப்பாக மாற்றினார்கள். மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்த புதுசு. திங்கட்கிழமை ஏறி வெள்ளிக்கிழமை இறங்குவேன். அதனால் அந்த வண்டி கட்டுவதில் எனக்கும் பங்கு உண்டு என்று நானே நினைத்துக்கொண்டேன். நான் செய்ததெல்லாம் நிறம் சொன்னதுதான். மயில்கழுத்து நீலம் என்றேன். பூசி முடித்தபோது ஐஸ் வண்டி மாதிரி இருந்தது.

மற்றபடி வண்டியில் பழசு என்று எதுவும் மிச்சமில்லை. டீசல் இன்ஜின் ஏற்றினார்கள். ஸ்பிரிங்கில் கூடுதலாக இரண்டு பட்டை சேர்த்தார்கள். பின்னால் வேங்கைப் பலகையில் தொட்டி, நின்றுகொண்டு வருகிறவர்கள் பிடிக்க வளைந்த குழாய்க் கம்பி. சோதனை ஓட்டத்துக்கு மணல் மூட்டை ஏற்றி மலை அடிவாரத்திலிருந்து விட்டார்கள். முக்காமல் முனகாமல் ஏறியது.

"இன்னா பாய், பஸ்ஸுக்கே வழி வுடாது போலக்குதே!" என்றான் அண்ணன்.

"இது வண்டி இல்லடா, ஆடு. செவுத்துல வுட்டாலும் ஏறிக்கினு போவும்" என்றார் பாய்.

மேலே மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பினார்கள். பாரத்தோடு இறங்கிப் பார்க்கவே இல்லை. நாங்கள் கீழ்நாட்டுக்காரர்கள். மலை என்றால் எங்களுக்கு ஏறுவது மட்டும்தான். பிரேக் மட்டும் பழசாகவே இருந்தது.

மலைக்காரர்களுக்கு வேறு ஒரு வழக்கம். இறக்கம் தொடங்குகிற வளைவில் எந்த வண்டியானாலும் நிற்கும். ஆட்கள் எல்லோரும் இறங்கி ஒற்றையடிப் பாதையில் குறுக்கே நடப்பார்கள். வண்டி சரக்கோடு மட்டும் போய்க் கீழே காத்திருக்கும். என் பள்ளிக்கூடத்தில் சமையல் செய்த சடைச்சி அக்கா எங்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏறுறது கெடக்கட்டும் டீச்சர், எறங்குமா?" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை பலாப்பழமும் புளி மூட்டையும் ஏற்றி, வளைவில் வண்டி நின்று, கூட வந்த சடைச்சி அக்காவும் மற்றவர்களும் இறங்கியபோது, நான் முன்சீட்டைவிட்டு அசையவில்லை. "நானே உக்காந்துக்கினு வர்றேன், உங்களுக்கு இன்னா பயம்? ஏறுங்கக்கா" என்றேன். டீச்சர் சொல்கிறாள் என்று சடைச்சி ஏறினாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர்.

நாலாவது வளைவில் பிரேக் லைனிங் கருகும் வாசனை வந்தது. அண்ணன் மிதித்துக்கொண்டே இருந்தான். மேட்டில் மோதி வண்டி சாய்ந்து நின்றது. பலாப்பழங்கள் ரோட்டில் உருண்டோடின. ஒருத்தரும் சாகவில்லை. சடைச்சி அக்காவுக்கு மட்டும் முட்டி போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தப் பாதையில் அவளால் நடக்க முடியவில்லை. எல்லோரும் இறங்குகிற இடத்தில் அவள் ஒருத்தி மட்டும் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பாள். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "டீச்சர், நீங்க நடங்க, நான் காவலுக்கு இருக்கேன்" என்று கேலி பண்ணுவாள். அதைக் கேட்டுக்கொண்டு நடப்பதுதான் கஷ்டம்.

இதை நான் மகளிடம் சொன்னதே இல்லை. இந்த ஞாயிறு, பிரேக் எல்லாம் புதுசு போட்டாச்சு, நீயும் வாம்மா, வந்து பாத்தாதான் நம்புவ என்றாள். போனேன். பாதித் தொட்டிக்குச் செங்கல் ஏற்றியிருந்தாள். திரும்பும்போது அந்த வளைவில் நிறுத்தச் சொன்னேன்.

"இன்னாம்மா, வாந்தி வருதா?"

"இல்ல. நான் நடந்து வர்றேன். நீ மெதுவா போ."

"எப்படி நடப்ப?"

பாதை வாயைத் தேடினேன். ஆளுயரத்துக்கு உண்ணிச்செடி. கையால் விலக்கிப் பார்த்தேன், உள்ளேயும் செடிதான். அவள் இன்ஜினை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். அங்கேயே வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப நான் மட்டும் வண்டியில எறங்குறேன். நீ பஸ்ல வா" என்றாள்.

அப்போதெல்லாம் அந்தப் பாதையில் நடக்கிறவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே போவார்கள். நடுவில் ஒரு பாறையருகே எல்லோரும் சட்டென்று நின்று காது கொடுப்பார்கள். வண்டிச் சத்தம் சீராகக் கேட்டால்தான் மறுபடி பேச்சு. தெரியாதவன் வண்டியாக இருந்தாலும் நிற்பார்கள். இப்போது தார் ரோடு, வளைவுக்கு வளைவு கண்ணாடி. வண்டிகள் நிற்காமல் போகின்றன. கீழே போகிறவனுக்காக நின்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

நான் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.