கைக்கு நிற்கும் வண்டிகள்

கந்தர்வக்கோட்டைப் பக்கம், முந்திரித்தோப்பு நிறுத்தம். மினிபஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். பக்கத்தில் ஒருவர் போனைக் காதில் வைத்து, துபாயில் இருக்கும் மச்சானுக்குப் புதுவீட்டை விளக்குகிறார்.

"வாசல் இங்கிட்டு, மாடிப்படி அங்கிட்டு!"

கை ரோட்டுக்கு நீள்கிறது. எதிர்த்திசையில் போகிற மினிபஸ் அவருக்காக நிற்கிறது. அவர் ஏறவில்லை. டிரைவர் திட்டிவிட்டுப் போகிறார்.

"ஒங்க கை மச்சானுக்குத் தெரியாதேங்க?" என்கிறேன்.

"அவருக்கு இல்லீங்க. கைய நீட்டுனாத்தான் படி எங்கிட்டுன்னு எனக்கே வெளங்குது."

அரை மணியில் அதே மினிபஸ் திரும்பி வருகிறது. நான் கை காட்டுகிறேன். அவரும் மாடிப்படி காட்டுகிறார். டிரைவர் எங்களை ஒரு முறை முறைத்துவிட்டு நிற்காமலே போகிறார்.

"நான் இப்ப எப்படிங்க போறது?" இரண்டு கையையும் வீசி அவரிடம் கத்துகிறேன்.

மீன்காரர் ஒருவர் என் முன்னால் மொபெட்டை நிறுத்துகிறார்.

"எத்தன கிலோங்க?"