மாமா பெயரில் கொடுத்த ரத்தம்

விரல் தடிமனில் ஒரு கண்ணாடிக் குழாய். அதன் உடம்பில் கோடு கோடாக எண் போட்டிருக்கும். இரண்டு பக்கமும் பழுப்பு நிறத்தில் கண்ணாடிப் பட்டை நிற்கும். லேப்காரர் குழாயில் கொஞ்சம் அமிலம் விட்டு, விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தை அதில் ஊதி விடுவார். சிவப்பு போய்க் கடுங்காப்பி போல ஆகிவிடும். அதன்பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கலக்கிக்கொண்டே இருப்பார். பட்டையின் நிறமும் குழாயின் நிறமும் ஒன்றானதும் நிறுத்தி, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார். நல்ல ரத்தம் என்றால் நிறையத் தண்ணீர் தாங்கும். மாமாவின் ரத்தத்துக்கு அவர் கொஞ்சம்தான் விட்டார். ஆறாவது கோட்டிலேயே கை நின்றுவிட்டது. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. இன்னும் நாலு சொட்டு விட்டால் எண் ஏறும்தானே, ஏன் கஞ்சத்தனம் பண்ணுகிறார் என்று நினைத்தேன்.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். எங்களுக்கு ஊத்தங்கரைப் பக்கம். மழையை நம்பிய காடு. மூன்று வருஷம் மழை இல்லாமல் போனதும் மாமா முதலில் ஓசூருக்கு வந்தார். ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் கேஷுவலாக, தினக்கூலிக்குச் சேர்ந்தார். தகட்டை வைக்க வேண்டும், எடுக்க வேண்டும், நாள் முழுக்க அதுதான். பிறகு அக்காவையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டி வந்தார். கடைசியில் நானும் வந்து சேர்ந்தேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். கிரானைட் யார்டில் கல் ஏற்றப் போனேன். ஐந்து பேருக்கும் ஷீட் போட்ட ஒரே அறை. மார்கழியில் ஷீட்டிலிருந்து பனி சொட்டும். மாமா அதிகம் பேசமாட்டார். பேசினால் சிரிக்க வைப்பார். பிரஸ் சத்தத்தில் காது மந்தமாகி, மெதுவாகச் சொல்வதையும் கத்தித்தான் சொல்வார். அக்காவிடம் ரகசியம் பேசினாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் பதில் சொல்வார்கள்.

ஏழு வருஷம் கேஷுவலாக இருந்தார். எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் அவர் பெயர் பர்மனன்ட் பட்டியலில் வந்தது. வயதுச் சான்று, பள்ளிச் சான்று, அதோடு வெளியே எடுத்த ரத்த ரிப்போர்ட்டும் கொண்டுவரச் சொன்னார்கள். கம்பெனி டாக்டர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வேலை. ரத்தம் பார்க்க அந்த நாளில் முறைப்படி ஒரே வழிதான் இருந்தது. முதலில் ஒரு டாக்டரைப் போய்ப் பார்க்க வேண்டும். அவர் சீட்டு எழுதித் தருவார். அவர் சொல்கிற இடத்தில்தான் எடுக்க வேண்டும். ஒரு வாரக் கூலி அதிலேயே போய்விடும். அதனால் கேஷுவல் ஆட்கள் எல்லாரும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்த லேப்காரரிடம் போவார்கள். அவர் மிலிட்டரியில் இதே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கன்னடக்காரர். தமிழ், தெலுங்கு எல்லாம் கலந்து பேசுவார். டாக்டர் சீட்டு கேட்கமாட்டார். அவர் வாங்கினது எங்களால் கொடுக்க முடிகிற காசு. பேரைச் சொல்லு, கையை நீட்டு, அவ்வளவுதான். இது என்ன வியாதி என்று கேட்டால், "நான் நம்பர் எழுதறவன்பா. வியாதி எழுதறவன் வேற ஆளு" என்பார்.

அவர் மாமாவின் சீட்டில் எண்ணை எழுதி, அதன் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு இழுத்தார். எல்லாருக்கும் ஒரு கோடுதான் இழுப்பார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"படி ஏறும்போது மூச்சு வாங்குதா?" என்று மாமாவைக் கேட்டார்.

"உங்க படி அப்பிடிங்க. செங்குத்தா வச்சிருக்கீங்க" என்றார் மாமா.

அவர் சிரிக்கவில்லை. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. நாளைக்கே போ. தள்ளிப் போடாதே."

கீழே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். மாமா சீட்டை நாலாக மடித்து, எட்டாக மடித்து, டீ கிளாசுக்கு அடியில் வைத்தார். எழுந்தபோது அதை எடுக்கவில்லை. நான் எடுக்கப் போனேன். "உடு மாப்ளே" என்றார்.

கேஷுவல் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ரத்தத்தில் சர்க்கரையோ காமாலையோ இருக்கும் என்று பயந்தால், கூட வேலை செய்கிற திடமான ஆளை அனுப்பித் தன் பெயரில் ரத்தம் கொடுக்க வைப்பார்கள். லேப்காரர் ஆளைப் பார்க்கமாட்டார், சொன்ன பெயரை எழுதுவார். பதிலுக்கு ஒரு பிரியாணி. பிரஸ் ஷாப்பில் ஒருத்தன் நாலு பேருக்குக் கொடுத்திருந்தான். "நாங்க நாலு பேரும் இப்ப ஒரே ரத்தம்டா, பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்க முடியாது" என்று சொல்லிச் சிரிப்பார்களாம். யாரும் இதைத் தப்பாக நினைக்கவில்லை. போட்டோவுக்குச் சட்டை இரவல் வாங்குகிற மாதிரி நினைத்தார்கள்.

மாமா என்னைக் கேட்டார். வெளியாளைக் கேட்டால் பின்னால் ஒரு நாள் வாயைத் திறப்பான், நீ திறக்கமாட்டாய் என்றார். "ஒரு வருஷந்தான்டா. புரபேஷன் முடிஞ்சி கன்ஃபார்ம் ஆவட்டும். அதுக்கப்புறம் யாரும் என்னை வெளிய அனுப்ப முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்கே போலாம். உங்க அக்காவுக்குத் தெரிய வேணாம். அழுதுகினு கெடப்பா." என் உள்ளங்கையில் தன் கையை வைத்து அழுத்தினார். சத்தியம் செய்தேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கல் ஏற்றி ஏற்றி உடம்பு இரும்பாக இருந்தது. அதைக் கொடுப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் தனியாகப் போனேன். மாமாவின் பெயரைச் சொன்னேன். லேப்காரர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முந்தின நாள் இதே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றவன் நான். பிறகு எழுதினார். என் ரத்தத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார், விட்டுக்கொண்டே இருந்தார். பதினாலில் போய்த்தான் நின்றது. சீட்டைக் கையில் கொடுத்தபோது சொன்னார். "இது நல்ல ரத்தம். நேத்து வந்தவரை மறுபடி வரச் சொல்லு. ரத்தத்துல யூரியா எவ்வளவுன்னு பார்க்கணும். காசு வேணாம்."

மாமாவிடம் சொன்னேன். மறைக்கவில்லை. காசு வேண்டாம் என்றதையும் சொன்னேன். "கன்ஃபார்ம் ஆவட்டும்" என்றார்.

கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட்டார். மாமாவுக்கு நீலச் சட்டை இரண்டு, ஷூ ஒரு ஜோடி கிடைத்தது. ஷூவை வீட்டுக்குள் வைத்துப் பழைய துணியால் மூடுவார். அக்கா தினமும் முருங்கைக்கீரை வைத்தாள். ஈரல் வாங்கி வரச் சொல்லி என்னை அனுப்புவாள். பர்மனன்ட் ஆன சந்தோஷத்தில் கவனிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலைந்து மாதம் போனதும் சோற்றைத் தள்ளிவைக்க ஆரம்பித்தார். வாயெல்லாம் இரும்பு வாடை என்றார். பிரஸ் ஷாப்பில் இருக்கிறவர்களுக்கு எல்லாமே இரும்பு வாடைதான், அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உடம்பு அரித்தது. காலையில் முகம் வீங்கியிருக்கும், மத்தியானம் வடிந்துவிடும். பிறகு ஷூவுக்குள் கால் போகவில்லை. கம்பெனி டாக்டரிடம் காட்டினார். அவர் ஃபைலை எடுத்துப் பார்த்தார். ரத்தம் நல்லாத்தானே இருக்கு, ஓவர்டைம் குறைச்சுக்கோ என்று டானிக் எழுதிக் கொடுத்தார். டாக்டரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர் பார்த்தது என் ரத்தம்.

லேப்காரரிடம் வாருங்கள் என்று மூன்று முறை கூப்பிட்டேன். சீட்டு வேண்டாம், காசு வேண்டாம், மாடி ஏறினால் போதும். வரவில்லை. "அந்தாளு சிவப்புக் கோடு போடுவான். அப்புறம் எனக்குத் தூக்கம் வராது" என்றார். எனக்கு இப்போது தோன்றுவது வேறு. என் ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை அவர் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். அடிக்கடி எடுத்துப் பார்ப்பார். மேலே அவர் பெயர், கீழே பதினாலு. பார்த்துப் பார்த்து அது தன்னுடையதுதான் என்று பாதி நம்பிவிட்டார்.

பத்தாம் மாதம் அக்கா பிடிவாதமாக அவரைக் கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். ஓசூரில் காட்டினால் கம்பெனிக்குத் தெரியும் என்று அவ்வளவு தூரம். நானும் போனேன். மாம்பழ சீசன். பஸ் முழுக்கக் கூடைகள். அந்த வாசனையில் மாமா இரண்டு முறை வாந்தி எடுத்தார். டாக்டர் அறையில் ஒரு பெஞ்சு. நடுவில் மாமா, அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் நான். டாக்டர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "வெளுத்திருக்கே, ரத்தம் பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

மாமா பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினார்.

நான் அதை எதிர்பார்க்கவில்லை. கவரை அவர் கூடவே கொண்டுவந்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் படித்தார். மறுபடி மாமாவின் முகத்தைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். "இது எப்ப எடுத்தது?" என்றார். "இப்பத்தானுங்க" என்றார் மாமா. அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இது என்னுடையது என்று சொல்லியிருந்தால் போதும். உள்ளங்கையில் மாமாவின் கை அழுத்தினது அப்படியே இருந்தது. கன்ஃபார்ம் ஆக இன்னும் இரண்டு மாதம். டாக்டர் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கேஸ் டிரபிளா இருக்கும். பதினஞ்சு நாள் மாத்திரை சாப்பிட்டு வாங்க" என்றார். வெளியே வந்து மாமா எங்கள் இருவருக்கும் ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

கன்ஃபார்ம் ஆன கடிதம் வந்தது. கன்ஃபார்ம் ஆனபிறகு பத்தொன்பது நாள் வேலைக்குப் போனார். இருபதாம் நாள் பிரஸ் முன்னால் விழுந்தார். பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு கிட்னியும் சுருங்கிப்போய்விட்டது என்றார்கள். ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். அந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். "இன்னும் கொஞ்ச காலம் இழுத்திருக்கலாம்" என்றார். மிஷினில் ரத்தம் சுத்தம் செய்வது அப்போது எங்களைப் போன்றவர்கள் நினைக்கிற காரியம் இல்லை. முப்பத்தெட்டு நாள் இருந்தார்.

பர்மனன்ட் ஆளின் மனைவி என்பதால் கம்பெனி கேண்டீனில் அக்காவுக்கு வேலை போட்டார்கள். அந்த வேலையில்தான் இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாள். ரிட்டயர் ஆகும்வரை பாத்திரம் கழுவினாள், சோறு வடித்தாள். அந்த வேலையும் அந்தச் சீட்டால் வந்ததுதான். இதை எந்தப் பக்கம் வைத்து எடைபோடுவது என்று எனக்குத் தெரியவில்லை. லேப்காரரை அதற்குப் பிறகு ஒரு முறைதான் பார்த்தேன், பஸ் ஸ்டாண்டில். மாமாவைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறிப் போனார்.

இப்போது ஓசூரில் தெருவுக்கு ஒரு லேப். டாக்டர் சீட்டு எங்கேயும் கேட்பதில்லை. வாசலிலேயே தட்டி வைத்து, இத்தனை டெஸ்ட் இவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள். போன் செய்தால் வீட்டுக்கே வந்து எடுக்கிறார்கள். போன வருஷம் அக்காவுக்குக் கால் வீங்கியது. பாகலூர் ரோட்டில் ஒரு லேபுக்குக் கூட்டிப் போனேன். வெறும் வயிற்றில் ஒரு முறை எடுத்தார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். இட்லி சாப்பிட்டுவிட்டு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். செய்வதற்கு ஒன்றும் இல்லை. பேசவும் ஒன்றும் இல்லை. அப்போது அக்காவிடம் சொன்னேன். மாமாவின் ரிப்போர்ட்டில் இருந்தது என் ரத்தம் என்று. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சொல்ல அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அக்கா எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்டா" என்றாள். "நீ ரத்தம் குடுத்த அன்னிக்கே சொல்லிட்டாரு. உனக்குத் தெரியும்னு தம்பிக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவான், நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதேன்னு என் தலையில கைய வச்சி சத்தியம் வாங்கிட்டாரு."



"கிருஷ்ணகிரி டாக்டருகிட்ட நீ சொல்லிடுவேன்னு இருந்தேன்" என்றாள். "பொம்பள நான் சொன்னா எம்மேல கோவப்படுவாரு. நீ சொன்னா ஒண்ணும் சொல்லமாட்டாரு. அதுக்குத்தான் உன்னையும் கூட்டிட்டு வந்தேன். அவரு கவர எடுத்து நீட்டினப்ப, உன் மூஞ்சியவே பார்த்துகினு இருந்தேன்."

உள்ளே இருந்த பெண் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அக்கா முழங்காலில் கையை ஊன்றி எழுந்து போனாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். கிருஷ்ணகிரியில் அன்று நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறைகூட அவள் பக்கம் திரும்பவில்லை.