ஆறிப்போன காப்பி

ஜோர்டானில் கரக் மலைச்சரிவில் உள்ள அந்த ஊரில் நவ்ஃபா முப்பத்தொரு வருடம் பிரசவம் பார்த்த நர்ஸ். அவள் ஓய்வு பெற்ற மறுவருடமே மருந்தகத்தின் பிரசவ அறையைப் பூட்டிவிட்டார்கள். போன குளிர்காலத்தில் ஒரு பெண் பிரசவ வலியோடு நகரத்துக்குப் போகும் வழியில் வேனிலேயே செத்துப்போனாள். அந்தப் பூட்டைத் திறக்கவைக்கத்தான் நவ்ஃபா நகரசபைத் தேர்தலில் நின்றாள்.

முழங்காலில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு பன்னிரண்டு நாள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். அந்தப் பக்கத்து வழக்கப்படி, ஒன்றைக் கேட்டு வந்தவர்கள் காப்பிக் கிண்ணத்தை வாயில் வைக்காமல் கீழே வைப்பார்கள். வீட்டுக்காரர் "குடிங்க" என்றால் கேட்டதைக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். நாற்பத்தாறு வீடுகளில் குடிக்கச் சொன்னார்கள். சில வீடுகளில் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே சொன்னார்கள். அப்போதே அவளுக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

அடுத்தது அண்ணன் முத்லக்கின் வீடு. கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவன் ஜபமணியை உருட்டிக்கொண்டிருந்தான்.

"காப்பி ஆறுதுண்ணே."

"ஆறட்டும். உங்கிட்டப் பொய் சொல்ல வாய் வரல. போன மாசமே நம்ம வகையறா ஆம்பளைங்க கூடி, ஓட்டெல்லாம் ஃபவ்வாஸுக்குன்னு முடிச்சாச்சு. நானும் கை தூக்கினேன்."

"நாப்பத்தாறு வீட்ல குடின்னாங்களே?"

"பொம்பள படியேறி வந்து கேக்குறா. தொண்டை காய அனுப்புவாங்களா?"

"அந்த ஃபவ்வாஸ் கால் முன்னாடி வந்து பொறந்தவன். இழுத்துப் போட்டதே நான்தான்."

"அதையும் பேசினோம். உனக்கு ராசியான கைன்னு எல்லாரும் சொன்னாங்க."

பிரசவ அறையை ஃபவ்வாஸ் திறப்பானா என்று கேட்டாள். வகையறாவுக்கு விருந்து மண்டபம் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறானாம். கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

வருவதாகச் சொல்லிவைத்த வீடு இன்னும் ஒன்று இருந்தது. அங்கே எட்டு மாத வயிற்றோடு மருமகள் ஜவாஹிர் காப்பி கொண்டுவந்தாள். மாமனார் வாயெடுப்பதற்குள் நவ்ஃபா ஒரே மடக்கில் குடித்து, போதும் என்று கிண்ணத்தை ஆட்டித் திருப்பிக் கொடுத்தாள். கிழவர் விழித்தார்.

"ஒண்ணும் கேக்கலியா, நர்ஸம்மா?"

அவள் குனிந்தாள். ஜவாஹிரின் வீங்கிய காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது, எழும்பவில்லை.

"நாளைக்கே நகரத்துக்குக் கூட்டிட்டுப்போய் ரத்த அழுத்தம் பாருங்க. ஒரு வேன்காரன் நம்பரை வாங்கிச் செவுத்துல எழுதி வைங்க. வலி வந்தப்புறம் தேடாதீங்க."